ஐம்பத்தெட்டாம் பக்கம்

நான்காம் பாகத்தின் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அவள் ரப்பரை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தின் அடியில், இடது மூலையில், பென்சிலால் போட்ட ஒரு சின்ன முக்கோணம். போக மாட்டேன் என்றது.

இன்னும் மூன்று பாகங்கள் இருந்தன.

முன்னறையில் அவள் கணவர், நூலகர் கனகமணியிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு நிற்கும்வரைதான் அவளுக்கு நேரம்.

கோபி டவுனுக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கிளை நூலகத்தில் ஆளுக்கொரு அடையாளம் உண்டு. படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அதில் எதையாவது கிறுக்கி வைப்பார்கள். நட்சத்திரம் போடுகிறவர் உண்டு. இனிஷியல் போடுகிறவர் உண்டு. கனகமணி கொஞ்சநாள் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

கணவருடையது முக்கோணம். சர்வேயராக இருந்த கை, அளந்து போட்டது போலிருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார், அதனால் அந்தப் பக்கம்.

துப்பறியும் கதை அலமாரியில் அந்த முக்கோணம் இல்லாத புத்தகம் ஒன்றுகூடப் பாக்கியில்லை.

அது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் படிக்கிற மனுஷன். காலையில் அணை கட்டிய வரலாறு, மத்தியானம் பர்மாவுக்கு நடந்து போனவரின் பயணக் கதை, சாயங்காலம் ஒரு கட்டுரைத் தொகுப்பு. இப்போதும் மூன்றும் மேசையில்தான் இருக்கின்றன. இரண்டு மாதமாக மூன்றிலும் நடுவில் வைத்த அட்டை நகரவில்லை.

போன மாதம் துப்பறியும் நாவல் ஒன்றை அவள்தான் எடுத்துவந்து கொடுத்தாள். ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தவர் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

முக்கோணத்தைக் காட்டி, "இது என்ற கையா?" என்று கேட்டார்.

அவள் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தாள்.

மூன்று நாள் சவரம் செய்யவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சீட்டு இருந்தது. அதில் மகள் பெயரையும் அவள் பெயரையும் எழுதி வைத்திருந்தார்.

அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு அவள் குளியலறையில் அழுதாள்.

இன்று காலைதான் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மேசையிலிருந்த மூன்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்ததாக நீளமான துப்பறியும் தொடர் ஒன்று படிக்கப்போவதாகச் சொன்னார். அவரே சவரம் செய்துகொண்டு கிளம்பி நின்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அலமாரியில் தொடர் என்று இருந்தது இந்த ஏழு பாகங்கள்தான். மலையடிவாரத்து ஊரில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் துப்பறிகிற கதை. போன வருடம் அவள் காய் நறுக்க நறுக்க ஏழையும் அவர் சொல்லியிருக்கிறார். ஏழிலும் கொலைகாரன் யாரென்று அவளுக்குத் தெரியும்.

முக்கோணம் ஒருவழியாகப் போனது. அவள் ஐந்தாம் பாகத்தை உருவினாள்.

முன்னறையில் பேச்சு நின்றது.

ஐந்தாம் பாகத்தைச் செருகிவிட்டு ரப்பரை முந்தானையில் முடிந்துகொள்வதற்குள் அவர் வந்துவிட்டார்.

ஏழு முதுகுகளையும் விரலால் தடவிக்கொண்டே போனார். ஆறாவதில் விரல் நின்றது. அதை வெளியே இழுத்தார்.

"தொடர்னா மொதப் பாகத்துல இருந்துதானுங்க படிக்கோணும்," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர் அவளைப் பார்த்தார். ஆறாவதை உள்ளே தள்ளிவிட்டு முதலாவதை எடுத்தார்.

அட்டையைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்க்கவில்லை. நேராக ஐம்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தார்.

இடது மூலை காலியாக இருந்தது.

காலி என்றும் சொல்ல முடியாது. தேய்த்த இடம் லேசாகக் கருத்திருந்தது. பக்கங்கள் சேருகிற மடிப்பில் ரப்பர்த் தூள் கிடந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு மூன்று நாளைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

அவர் குனிந்து அந்தத் தூளை ஊதிவிட்டார். புத்தகத்தை மூடி, இரண்டாம் பாகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தார்.

கனகமணி இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். அவள் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல நூலகர், எல்லாம் ஞாபகம் வைத்திருப்பவள்.

"சார், இதை நீங்க போன வருசமே..."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி, வேண்டாம் என்று கையை அசைத்தாள். கனகமணி கவனிக்கவில்லை.

"இல்லீங்க," என்றார் அவர். "இது நான் படிக்காதது. எழுதிக்குங்க."

நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். புத்தகங்கள் இன்னொரு கையில் இருந்தன. அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த ரப்பரு கருப்படிக்குது அம்மிணி. நல்லதா ஒண்ணு வாங்கி வெச்சுக்க."