கிழவர் கொண்டுவந்த டோஃபு

கிழவர் யோம் பையோடு உள்ளே வந்ததும் அமைச்சர் தாக் குன்-சிக்குக்கு வியர்த்தது. வக்கீலாக அவர் கடைசியாகத் தோற்ற வழக்கு இந்தக் கிழவருடையது. தோற்ற கையோடு ஆளுங்கட்சியில் சேர்ந்தார். இன்று தென்கொரியத் தலைநகர் சியோலில் அமைச்சர்.

"ஆறு வருஷம் உள்ள இருந்தேன், வக்கீலய்யா. போன வாரந்தான் விட்டாங்க."

கிழவரின் கை பைக்குள் போனது. கத்தியோ? அமைச்சர் மேசைக்கடியில் மணியைத் தேடினார்.

வெளியே வந்தது டோஃபு, வெள்ளைச் சோயாக்கட்டி. அமைச்சருக்குப் போன உயிர் திரும்பியது.

"அடடா, ஜெயில்லேர்ந்து வந்ததும் முதல்ல சாப்பிடுறதாச்சே! இன்னுமா சாப்பிடல?"

"அன்னிக்கே சாப்பிட்டுட்டேங்க. நான் நிரபராதின்னு சாட்சி எழுதின கடுதாசிய நீங்க கோர்ட்ல காட்டாம ஒளிச்சீங்கள்ல? அதோட நகல் கிடைச்சுது. இப்பத்தான் போலீஸ்ல குடுத்துட்டு வர்றேன்."

யோம் டோஃபுவை மேசைமேல் வைத்தார்.

"இது உங்களுக்கு. நீங்க வெளிய வர்ற அன்னிக்கு நான் உசிரோட இருப்பேனோ என்னமோ!"