பாப்பா அழறா, மீதி அப்புறம்

"எங்களுக்குக் காசு வேண்டாங்க. எழுதினவங்க பேரைப் போடச் சொல்லுங்க, அது போதும்."

சின்ன கம்பெனியின் முதலாளி இப்படிச் சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துவிட்டார். கையளவு கம்பெனி ஒன்று, உலகமெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனியை விசாரணைக்கு இழுத்திருந்தது. சிரிக்காமல் என்ன செய்வார்?

விஷயம் இதுதான். பெரிய கம்பெனியின் மென்பொருளில் ஒரு கடிதம் அடித்தால் அவர்கள் மென்பொருளில்தான் திறக்க முடியும். வேறு எதற்கும் அது அசைந்து கொடுக்காது. அந்தக் கடிதத்தை யாரும் எதிலும் படிக்கும்படி மாற்றித் தரும் புரோகிராம் ஒன்றைச் சின்ன கம்பெனி இலவசமாகவே வெளியிட்டது. எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, எழுதினவர் பேரைப் போட வேண்டும்.

'எல்லாரும் திறக்கிற மாதிரி ஃபைல் கொடுத்தால்தான் வாங்குவோம்' என்று அரசாங்கம் கறாராகச் சொன்னதும், பெரிய கம்பெனி அந்தப் புரோகிராமை அப்படியே சுருட்டிக்கொண்டது. பேரை மட்டும் விட்டுவிட்டது. அந்தப் பேரைப் பார்த்துத்தான் சின்ன கம்பெனியைத் தேடி நாலு பேர் வரவேண்டும். அது இல்லையென்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"நாங்களே எழுதினது. ஒரே வேலையைச் செய்யற ரெண்டு புரோகிராம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"அப்படியா? இதை உங்க மென்பொருள்ல திறந்து காட்டுங்க" என்று முதலாளி பழுதான ஃபைல் ஒன்றைக் கொடுத்தார்.

திரையில், 'திறக்க முடியவில்லை' என்று வரவேண்டிய இடத்தில் இப்படி வந்தது:

பாப்பா அழறா, மீதி அப்புறம்.

அறையே சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் இப்போது சிரிக்கவில்லை.

"பாதியில எழுந்து போறப்ப இப்படி ஒரு குறிப்பு போட்டு வைக்கறது வழக்கங்க. அப்புறம் அழிக்க மறந்து போச்சு. திருடினவங்க அதைக்கூடப் படிச்சுப் பார்க்கல!" என்றார் முதலாளி.

நடுவராக இருந்த அம்மாளும் புன்னகைத்தார். "யாரு அந்தப் பாப்பா?"

"என் பொண்ணுதாம்மா." முதலாளியின் குரல் தழுதழுத்தது. "அவளை மடியில போட்டுக்கிட்டேதான் எழுதினேன். இதுவும் பெத்த பிள்ளை மாதிரிதான். அதைப் பேரில்லாம பண்ணிட்டாங்களே!"

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்ப்புக்கு வெகுநேரம் ஆகவில்லை. பெரிய கம்பெனி தன் மென்பொருளின் முதல் திரையிலேயே எழுதினவர் பேரைப் போட வேண்டும். பேரை இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

முதலாளியின் வக்கீலுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"குழந்தைக்கு இப்ப என்ன வயசு சார்?"

"எந்தக் குழந்தை?"

"அதான் சார், பாப்பா."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு ஏது சார் பொண்ணு? ரெண்டும் பசங்க. அவனுங்களையே நான் மடியில வெச்சது கிடையாது. இது முன்னாடி நம்மகிட்ட இருந்த ஒரு பொண்ணு எழுதினது. கைக்குழந்தைக்காரி. அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்பல உட்காராது, பாப்பா அழறான்னு ஓடிடும். வேலை முடியற வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். அப்புறம் வீட்டோட இருந்துக்கம்மான்னு அனுப்பிட்டேன்."

தாளில் வைத்த பேனா அப்படியே நின்றது.

"அந்தம்மா பேரு?"

"பேரா?"

முதலாளி தாடையைச் சொறிந்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம்.

"வாய் வரைக்கும் வருது சார்... சரி விடுங்க, என் பேரையே போட்டுடுங்க."