பதினேழாம் நம்பர் நோயாளி

"ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல இருபத்து மூணு தடவை பி.பி. பார்த்திருக்கு. பத்தரைக்கு நூத்திப் பத்து. பத்து நாப்பதுக்கு நூத்தி அறுபது. பத்து அம்பதுக்குத் தொண்ணூத்தஞ்சு. இது மனுஷனா, லிஃப்ட்டா?"

பேராசிரியர் கம்ப்யூட்டர் திரையைப் பேனாவால் தட்டித் தட்டிக் கேட்டார். ஆராய்ச்சி மாணவி குனிந்து திரையில் அடுத்த பக்கத்தைத் தேடினாள்.

நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு அலையாமல், வீட்டில் இருந்தபடியே அவர்கள் பி.பி.யைக் கவனித்துக்கொள்வது எப்படி என்பதுதான் அவளுடைய பிஎச்.டி. முப்பது பேருக்கு ஆளுக்கொரு மெஷின் கொடுத்திருந்தாள். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் போதும், அளவு நேரே இவள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். யார் என்னவென்று பேராசிரியருக்குக்கூடத் தெரியக்கூடாது என்பது விதி. அதனால் எல்லோரும் வெறும் நம்பர்கள்தான்.

"இதையும் பாருங்க சார். போன வாரம் இதே பதினேழாம் நம்பருக்கு நூத்தித் தொண்ணூத்தாறு. அடுத்தடுத்து மூணு தடவை."

பேராசிரியர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"மெஷின் கோளாறு. அழி."

அழித்தாள்.

"பதினேழாம் நம்பரையே தூக்கிடு. மெஷினையும் வாங்கிட்டு வந்துடு."

"சார், அப்புறம் இருபத்தொன்பதுதான் வரும். முப்பது இல்லாம தீசிஸ வாங்க மாட்டாங்களே!"

"புதுசா ஒரு ஆளப் பிடி. ஆறு மாசம் கவனி. என்ன இப்ப?"

என்ன இப்பவா? ஏற்கெனவே ஆறு வருஷம் ஓடிவிட்டது. கூடப் படித்தவளின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. சித்தி போன் செய்யும்போதெல்லாம், "இன்னுமா படிக்கிற? எதுலயாவது ஃபெயிலாடி?" என்று ரகசியக் குரலில் கேட்கிறாள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் முந்திக்கொண்டு பதினேழாம் நம்பர் மேல் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். பதினேழாம் நம்பரின் மனைவி வந்து திறந்தாள்.

"அந்த மெஷினா? வந்த மறுநாளே கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரேம்மா! எனக்குத் தலை சுத்துதுன்னா, 'கடைக்கு வா, வரிசைல உக்காரு'ங்கறாரு."

கடை, பல்கலைக்கழகத்துப் பின்வாசல் சந்தில் இருந்த ஆண்கள் சலூன். அவள் ஆயிரம் தடவை தாண்டிப் போயிருக்கிறாள். உள்ளே எட்டிப் பார்க்க வேலை வந்ததில்லை.

நாற்காலியில் ஒருவர் காதுக்குக் காது நுரையோடு, கண்மேல் ஈரத்துண்டோடு சாய்ந்திருந்தார். பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தார். கண்ணாடிக்கு முன்னால், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் அவளுடைய மெஷின்!

"என்னண்ணே இது?"

"அட, வாங்கம்மா!" சலூன்காரர் முகம் மலர்ந்தார். "உங்களுக்கும் ஒண்ணு பாத்துடலாமா? முகமெல்லாம் சிவந்து கெடக்கே."

"இது உங்களுக்குக் குடுத்தது. ஊருக்கெல்லாம் இல்ல!"

"எனக்கும் பாக்கறேனே! கடை தெறந்ததும் மொத ஆளு நான்தான்."

"ரெண்டாவது நான்," என்றார் சட்டைக் கையை மடித்தவர்.

"உங்களால என் ஆறு வருஷப் படிப்பு பாழாப் போச்சுண்ணே!"

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். பாவம், நிஜமாகவே பதறிப்போனார்.

"எனக்குத் தெரியாதும்மா. இங்க வர்றவங்க எவனும் டாக்டர்கிட்ட போற ரகமில்ல. இந்த நாற்காலில உக்காந்தா மட்டும் கைய நீட்டுன்னா நீட்டறாங்க. நம்ம கையில கத்தி இருக்கில்ல? அப்படிப் பாத்ததுல நாலு பேர ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கேன்."

"அதுல ஒண்ணு நான்," என்றார் அதே ஆள்.

அவளுக்குச் சுருக்கென்றது. நோயாளிகளைத் தவறாமல் பி.பி. அளக்க வைப்பது எப்படி என்று நாற்பது பக்கம் எழுதி, விடை தெரியாமல் விட்டிருந்தாள். ஆனாலும் தீசிஸ் தீசிஸ்தானே?

"மெஷினக் குடுங்க."

அவர் பட்டையை அழகாகச் சுருட்டி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. போன வாரம் ஒருத்தருக்கு நூத்தித் தொண்ணூத்தாறு காட்டுச்சு. பாத்தீங்களா?"

"அது மெஷின் கோளாறு. அழிச்சாச்சு."

"அழிச்சிட்டீங்களா! அய்யோ, நெசம்மா அது! மூணு தடவை பாத்தேன். டாக்டர்கிட்ட போங்கன்னா அவரும் இதையேதான் சொன்னாரு. 'உன் மெஷின் கோளாறு, எனக்குத் தெரியாத மெஷினா'ன்னு. படிச்ச மனுஷன்! அப்புறம் கையே நீட்டறதில்ல. எனக்குத்தான் ராத்தூக்கம் போச்சு."

"யாருண்ணே அவரு?"

"அத மட்டும் கேக்காதீங்கம்மா. வர்றவங்க உடம்பப் பத்தி வெளிய சொல்றது தப்பு."

நாற்காலியில் இருந்தவரின் வலது கை மெல்ல சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தது. நுரைக்கு நடுவிலிருந்து, ஆறு வருஷமாக அவள் கேட்டுக் கேட்டு நடுங்கிய குரல் வந்தது.

"அந்த நூத்தித் தொண்ணூத்தாற மட்டும் திருப்பிப் போட்டுடும்மா... டாக்டர்கிட்ட காட்டணும்."