பிடுங்கு! பிடுங்கு!

கோபுரத்து இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தது. பக்கத்தில் கூடு கட்டியிருந்த மாடப்புறா அதைப் பார்த்துக் கணக்குப் போட்டது. வேர் பெருத்தால் சுவர் பிளக்கும், கூடு போய்விடும்.

வானத்தில் சீறிக்கொண்டு போன உழவாரக் குருவியைக் கூப்பிட்டது. "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க!"

"நிக்கிறதா? எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது. பறந்துக்கிட்டே கேக்குறேன், சொல்லு."

"கோயில்ல புல் செதுக்குற உழவாரத்தோட பேரையே வச்சிருக்கீங்க. இந்தக் கன்றைப் பிடுங்கிப் போடுங்களேன்."

"இவ்வளவுதானே? சாயங்காலம் பாரு!"

சாயங்காலம் இனமே திரண்டு வந்தது. "பிடுங்கு! பிடுங்கு!" என்று கிறீச்சிட்டுக்கொண்டு கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கன்றின் ஓர் இலைகூட உதிரவில்லை. கோடை முழுக்க இதே ஊர்வலம்.

மறுவருஷம் சுவர் பிளந்தது. புறாவின் கூடு சரிந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் கோயில் ஆள் ஒருவர் அரிவாளோடு மேலே ஏறினார்.

உழவாரக் கூட்டம் அவர் தலையைச் சுற்றிக் கத்தியது: "தொடாதே! தொடாதே!"

புறா திகைத்துப்போனது. "என்ன அண்ணே, கோஷம் மாறிப்போச்சு?"

"அந்த வெடிப்புக்குள்ளதான் இப்ப எங்க வீடு" என்றது உழவாரன், நிற்காமல்.