ஆறு இருபதுக்குள்

சைக்கிள் செயின் மறுபடியும் கழன்றது.

நிதானம் குதித்து இறங்கினார். மணி ஐந்து ஐம்பத்தேழு. ஆறு இருபதுக்குள் ஷெட் கேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் ஐந்து கிலோமீட்டர் பாக்கி.

ஆறு இருபத்தொன்று ஆனால் அவருடைய ஸ்கூல் பஸ்ஸை ஸ்பேர் டிரைவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்த மாதம் இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை என்றால் பஸ் நிரந்தரமாகக் கை மாறும். மேனேஜர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னால் செய்துவிடுவார்.

விரலை விட்டு செயினை இழுத்துப் பல்சக்கரத்தில் மாட்டினார். பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். மாட்டிக்கொண்டது. கிரீஸ் கையைச் சட்டையில் துடைக்கப் போய், யூனிபார்ம் என்று நினைவு வந்து, சாக்ஸின் உள்பக்கம் துடைத்தார்.

ஏறி மிதித்தார்.

இது பதினோராவது நாள். மோட்டார் பைக்கில் வந்த காலத்தில் பதினோரு கிலோமீட்டர்தான். மேம்பாலத்தில் சைக்கிள் ஏறக்கூடாது. சுற்றி வந்தால் பதினான்கு. விடியற்காலையில் டவுன் பஸ்ஸும் கிடையாது.

முதல் வாரம் தொடை வலித்தது. இரண்டாவது வாரம் வலி காலி செய்துகொண்டு முழங்காலுக்குக் குடிவந்தது. எதிர்க்காற்று என்று ஒன்று உலகத்தில் இருப்பதே நாற்பத்தொன்பது வயதில்தான் தெரிய வந்தது.

லாரி ஒன்று முழங்கையை உரசுகிற மாதிரி கடந்தது. இருபத்திரண்டு வருடம் அந்த உயரத்திலிருந்து சைக்கிள்காரர்களைப் பார்த்தவர். கீழேயிருந்து பார்த்தால் சக்கரம் இவ்வளவு பெரிது.

அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. அதனால்தான் ஷெட்டில் அவருக்கு நிதானம் என்று பெயர். சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது.

கடைசி சிக்னலில் சிவப்பு. காலை ஊன்றி நின்றார்.

"யோவ் பெரிசு, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

பின்னால் பால் வேன். சிக்னல் பச்சைக்கு மாறி, மறுபடி சிவப்பாகப் போகிற நிலையில் இருந்தது. அது எப்போது மாறியது? அசதி என்று தலையை உதறிக்கொண்டு கிளம்பினார்.

ஷெட் கேட். ஆறு பத்தொன்பது.

வாட்ச்மேன் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பேனா வழுக்கியது, விரல் முழுக்க வியர்வை. கையெழுத்து விழுந்தது.

பஸ்ஸுக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினான். "என்னண்ணே, அண்ணி பைக் சாவியைப் புடுங்கி வெச்சுக்கிட்டாங்களா?"

"தொப்பை கரையணும்ல."

"உங்களுக்குத் தொப்பை கரையறதுக்குள்ள அந்த சைக்கிள் கரைஞ்சிடும்."

அங்கே இருந்த எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தது நிதானம்தான்.

அவருடைய சீட்டில் ஸ்பேர் டிரைவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தன் பெயரில் ஒரு பஸ் ஓட்டக் கிடைக்குமா என்று ஒரு வருடமாகக் காத்திருக்கிற மனிதர். இறங்க மனசில்லாமல் இறங்கினார். இறங்கியவர் நிதானத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வெளுத்துப் போயிருக்கீங்கண்ணே. கையெழுத்துதான் போட்டாச்சே, பஸ் உங்க பேர்லதான் இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி காலை நீட்டி உக்காருங்க."

"பதினாலு கிலோமீட்டர் மிதிச்சுட்டு வாங்க, நீங்களும் வெளுப்பீங்க."

ஏறி உட்கார்ந்தார். சீட் இன்னும் சூடாக இருந்தது. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். வலது தொடை தானாகத் துடித்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்தினார்.

போன் அடித்தது. மனைவி.

"போய்ச் சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டேன்."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"முதல்ல ஃபேனைப் போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் உக்காருங்க. டயர் எங்கேயும் ஓடிப் போயிடாது." பிறகு கேட்டாள். "சைக்கிள்ல அனுப்பறேன்னு என்மேல கோபமா?"

"இல்லை."

"எனக்கு வேற வழி தெரியலைங்க. சைக்கிள்னா விழுந்தாலும் நீங்க ஒருத்தர்தான் விழுவீங்க. அந்த மனுஷன், உங்க மேனேஜர், நல்லா இருக்கணும். டாக்டர் லெட்டரைப் படிச்சதும் ஒரு வார்த்தை கேக்காம உங்களை டயர் ஸ்டோருக்கு மாத்திட்டாரே. வேற யாராவது இருந்தா, வலிப்பு வர்ற டிரைவர் எங்களுக்கு எதுக்குன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"ம்."

"என்ன, இன்ஜின் சத்தம் பக்கத்துல கேக்குது?"

"ஷெட்டுன்னா கேக்கத்தான் செய்யும். வெச்சிடறேன்."

போனைப் பையில் போட்டார். முதல் கியர் விழுந்தது. முதல் ஸ்டாப்பில் ஏழு பிள்ளைகள், பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மொத்தம் நாற்பத்தொன்று.

அந்த ஷெட்டில் டயர் ஸ்டோர் என்று ஒன்று கிடையவே கிடையாது.