நடுவில் நனையாத கோபுரம்

"இந்த டவரைக் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன் சார்."

அவள் இப்படிச் சொன்னதும் இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை. வரைபடத்தின் அருகே நின்ற அவள் கணவனைப் பார்த்தார். கோபுரத்தை வடிவமைத்தவன் அவன். தடுத்தவளோ அதே தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறியாளர்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் லேப்ல செஞ்ச டவர் அம்மோனியாவைக் கொஞ்சங்கூட வெளிய விடாம தண்ணியில பிடிச்சுதே?"

"அது கைப் பருமன் குழாய். மேல ஊத்துற தண்ணி உள்ள இருக்கிற பீங்கான் வளையம் அத்தனையையும் நனைச்சுடும். நீங்க கட்டப் போறது ஒரு அறை அகலம். தண்ணி சுவரோரமா நழுவிடும், நடு வளையமெல்லாம் காஞ்சு கிடக்கும். வாயு நோகாம அந்த வழியா வெளிய வரும். பக்கத்துலயே ஆளுங்க வேலை பார்க்கிறாங்க."

"அதுக்கு?"

"முதல்ல நடுத்தர அளவுல ஒண்ணு கட்டிச் சோதிக்கணும். சுவருக்கு ஓடுற தண்ணியை நடுவுக்குத் திருப்புற தட்டு வைக்கணும்."

"ஆறு மாசம் போயிடும்!" இயக்குநர் கணவனிடம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "நீங்க சொன்ன அளவுக்குத்தான் சார் போட்டேன்."

"பாருங்கம்மா, வீட்டுப் பஞ்சாயத்தை இங்க கொண்டு வராதீங்க."

கூட்டத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"என் கையெழுத்து இல்லாம கட்ட முடியாது சார். நான் போட மாட்டேன்."

வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

தேநீர் இடைவேளையில் கணக்கர் கணவனின் தோளைத் தட்டினார். "புருஷன் முன்னுக்கு வர்றது பொறுக்காத பொண்டாட்டியை இப்பத்தான்யா பார்க்கிறேன். நீ வாயில்லாப் பூச்சி."

"என்ன பண்றது சார், எனக்கு வாய்ச்சது அப்படி."

இயக்குநர் இரக்கப்பட்டுத் தம் பிஸ்கட்டையும் அவன் தட்டில் வைத்தார்.

பக்கத்து மேசையிலிருந்த அவள் காதில் அது விழுந்திருந்தது. மாலையில் அவன் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து கேட்டாள்.

"வாய்ச்சது அப்படியா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா."

"சரி. நடு நனையாதுன்னு காலையில சொல்லிக் கொடுத்தப்பவே, மேல ஒரே ஒரு தண்ணித் தெளிப்பான் பத்தாதுன்னும் சொன்னீங்களே, அதை அங்க சொல்ல மறந்துட்டேன். அதையாவது நாளைக்கு நீங்க சொல்றீங்களா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியை நிறுத்தி, அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அதையும் நீயே சொல்லிடேன். உன் பேருதான் ஏற்கெனவே கெட்டுப் போச்சே."