வேட்டி இல்லாத மூட்டை

இப்போதெல்லாம் நிவாரணம் வெள்ளத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. கொள்ளிடம் மணலாகக் கிடந்த ஒரு வெயில் நாளில், லாரி வீட்டுக்கு ஒரு மூட்டை இறக்கியது. மழை வந்தபிறகே பிரிக்க வேண்டுமாம். யார் காத்திருப்பார்கள்?

தையல்நாயகி பிரித்தாள். அவளுக்குப் புடவை, இரண்டு மகள்களுக்கும் பாவாடை சட்டை, போர்வை மூன்று. கணவன் ராசாங்கத்துக்கு வேட்டி இல்லை.

"எவனோ அமுக்கிட்டான்" என்று அவன் லாரிக்கு ஓடினான். அவளும் பின்னால் போனாள்.

லாரியில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "சரியாத்தாண்ணே இருக்கு. வெள்ளத்துக்கு அப்புறம் ஒங்க வீட்டுல மூணு பேருன்னு மிஷின் சொல்லுது." அவன் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

"திருட்டுப் பயலுவ" என்று முனகியபடி அவன் மாட்டுக்குத் தவிடு கலக்கப் போனான்.

தையல்நாயகி மாட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வெள்ளத்தில் ஊரே பள்ளிக்கூட மாடியில் நிற்க, மாட்டை அவிழ்த்துவிட அவன் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் திரும்பிப் போனான். அவன் தலைக்கு மேலேயே ஒரு ட்ரோன் பறந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே, அவன் கத்தக் கத்த, மாட்டை எதிர்வீட்டுக் கோதண்டபாணிக்கு வாரத்துக்கு விட்டாள். வளர்ப்பு அவருடையது, பாலில் பாதி இவர்களுக்கு.

மறுவாரம் லாரி திரும்பி வந்தது. அந்தப் பெண் நேரே எதிர்வீட்டுக்குப் போய் மூட்டையிலிருந்து வேட்டியை எடுத்தாள்.

"ஏம்மா, எனக்கு வந்தத ஏன் எடுக்குற?" என்றார் கோதண்டபாணி.

அவள் தெருவைக் கடந்து வந்து வேட்டியை நீட்டினாள்.

தையல்நாயகி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.